கூட்டத்துக்கு முதல்நாள் எழுதிய குறிப்பு

என் இடத்துக்கு வேலைக்கு வந்த ஆரணி போன மாதம் தொலைபேசியில் ஒரு புதினம் சொன்னாள். அலுவலகத்தில் இனிக் கூட்டக் குறிப்பு எழுத ஆள் தேவையில்லையாம். கணினி தானே கேட்டு, தானே எழுதி, கூட்டம் முடிந்து இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறதாம்.

"நீங்கள் எல்லாம் கையாலயா எழுதினீங்கள் அன்ரி? லைக், எவ்வளவு ரைம் எடுத்திருக்கும்?" என்று பரிதாபத்தோடு கேட்டாள்.

இரண்டு நிமிடம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் பட்டது. எங்கள் காலத்தில் கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரமே குறிப்பு எழுதி முடிந்து, கையொப்பம் வாங்கி, கோப்பில் ஏறிவிடும். அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஆகவே இதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுபெற்று நாலு வருடம். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரே மனிதருக்குச் செயலாளராக இருந்தேன். அதற்கும் முந்திய கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் இருந்து கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் அக்கா வீட்டு நிலவறையில் இருந்துகொண்டு, மாலை வகுப்பில் அலுவலக முகாமைத்துவம் படித்தேன். எங்களுக்குக் கற்பித்த பெண்மணி கூட்டக் குறிப்புக்கு ஒரே விதிதான் சொன்னார்: பேசியதை எழுது, நினைத்ததை எழுதாதே. அந்த விதியோடு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நாலு வருடம் தட்டச்சுச் செய்தேன். பிறகு குலம் அண்ணையிடம் வந்தேன்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் பள்ளிக்கூட நாளில் இருந்தே உண்டு. தடித்த மட்டைக் கொப்பி, நீல மை. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் யார் என்ன சொன்னார் என்பது. அபிப்பிராயம் எழுதுவதில்லை. அது பிறகு வாசிக்கும்போது தானாக வரும்.

குலம் அண்ணையின் முழுப்பெயர் இராசகுலேந்திரன். வங்கிக்காரருக்கு ராஜ். எங்களுக்குக் குலம் அண்ணை. அகதியாக வந்து, நகர மையத்து அலுவலகக் கோபுரங்களில் தரை துடைத்தவர். எந்தத் துப்புரவாளர் எந்த மாடிக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று அட்டவணை போடும் ஒரு மென்பொருளைத் தானே எழுதி, தன்னை வேலைக்கு வைத்திருந்த கொம்பனிக்கே விற்றார். அது உண்மையில் நல்ல மென்பொருள். அதை அவர் கையால் செய்தார். அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றையும் வாயால் செய்தார்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்து, மென்பொருள் ஒரே பெண்ணை ஒரே நேரத்தில் இரண்டு கட்டடங்களுக்கு அனுப்பிவிட்டது என்று முக்கால் மணித்தியாலம் கத்தினார். குலம் அண்ணை மன்னிப்புக் கேட்டார். நான் இரண்டையும் எழுதினேன். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"இதென்ன சாந்தினி?"

"மினிட்ஸ் அண்ணை."

"நடந்ததை அப்பிடியே எழுதியிருக்கிறீர்."

"ஓம் அண்ணை."

"நடந்தது எல்லாருக்கும் தெரியும்தானே. பிறகேன் எழுதுவான்?"

பதிலையும் அவரே வைத்திருந்தார். மெசின் ஓடத் தொடங்க முதல்தான் புரோகிராம் எழுதுவது, ஓடி முடிந்த பிறகு எவனாவது எழுதுவானா என்று கேட்டார். கூட்டமும் ஒரு மெசின். என்ன நடக்கவேண்டும் என்று முதலே எழுதிவிட்டால் மெசின் அதன்படி ஓடும். அப்படி ஓடாவிட்டால் பிழை மெசினுடையது, எழுத்தினுடையது அல்ல. அன்றில் இருந்து எங்கள் கொம்பனியில் குறிப்பு முந்தியது, கூட்டம் பிந்தியது.

நடைமுறையைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் மூன்று மணிக்கு நான் கொப்பியோடு உள்ளே போவேன். கதவைச் சாத்துவார். சப்பாத்தைக் கழற்றி மேசைக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்ட வைப்பார். தேயிலை போடாத வெறும் சுடுதண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, கார்த் தரிப்பிடத்தைப் பார்த்த யன்னலடியில் நின்று சொல்லத் தொடங்குவார். எல்லாம் இறந்தகாலத்தில். 'தலைவர் தெளிவாக விளக்கினார். உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டனர்.' தன்னைப்பற்றிப் படர்க்கையிலும் அடுத்தவர்களைப்பற்றி மிகுந்த கருணையோடும் சொல்வார். ஒருமுறை, 'வங்கி முகாமையாளர் தமது வியப்பைத் தெரிவித்தார்' என்றார். எதற்கு வியந்தவர் என்று கேட்டேன். "அதை நாளைக்குப் பாப்பம். நீர் வியந்தவர் எண்டு போடும்" என்றார்.

தட்டச்சுச் செய்து கொண்டுபோனால் மறுநாள் திகதியைப் போட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையால் சுருக்கொப்பம் இடுவார். மறுநாள் கூட்டத்தில் நான் மூலையில் இருந்து எழுதுவேன். வந்தவர்கள் குறிப்பு எழுதுகிறேன் என்று நினைப்பார்கள். நான் என் கொப்பியில் உண்மையில் நடப்பதை எழுதிக்கொண்டிருப்பேன். கூட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள், முதல்நாளே ஒப்பமிட்ட குறிப்பு எல்லாருக்கும் போய்ச் சேரவேண்டும். போனது போனதுதான். திருத்தம் கிடையாது. "ஒண்டைத் திருத்தினால் சனம் மற்றதையும் சந்தேகப்படும்" என்பது அவர் எனக்குச் சொன்ன காரணம். புத்திசாலியான காரணம்.

யாரும் ஆட்சேபிக்கவில்லையா என்று ஆரணி சிரித்துக்கொண்டே கேட்டாள். இல்லை. பாதிப்பேர் குறிப்பை வாசிப்பதில்லை. வாசித்தவர்கள் அதில் தாங்கள் கூட்டத்தில் இருந்ததைவிடக் கெட்டிக்காரராக இருக்கக் கண்டார்கள். ஒரு கணக்காய்வாளர், தான் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டது தனக்கே நினைவில்லை என்று நன்றிக் கடிதம் அனுப்பினார்.

மனச்சாட்சி உறுத்தவில்லையா என்றும் கேட்டாள். உறுத்தியது. காலையில் என்னோடு அதே பஸ்ஸில் ஏறி வரும், பின்னேரம் என்னோடு திரும்பிப் போகும். இடையில் எட்டு மணித்தியாலம் அது எங்கே இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய அமெரிக்கக் கொம்பனி அந்த மென்பொருளின் உரிமை முழுவதையும் வாங்கிக்கொண்டது. குலம் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதில் செய்ய வேலையில்லாமல் போயிற்று. வேறு மனிதர் என்றால் கோல்ஃப் விளையாடியிருப்பார். இவர் ஒரு கிரிக்கெட் அணியை வாங்கினார். அணியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர் போட்ட தொப்பிகள் இன்னும் ஸ்காபரோவில் பல வீடுகளின் நிலவறைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அணியை வாங்கினாரே தவிர, கிரிக்கெட் அவருக்குப் பரிச்சயமில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைக்கவில்லை. துடுப்பாட்ட வரிசையைத் தன் பழைய மென்பொருளிடம் ஒப்படைத்தார். மென்பொருளுக்குத் தெரிந்த நீதி ஒன்றுதான்: கடைசியாக யார் அதிகம் ஓய்வெடுத்தாரோ அவர் முதலில் வேலைக்குப் போகவேண்டும். முந்திய ஆட்டத்தில் துடுப்பே பிடிக்காமல் இருந்த பதினோராம் ஆட்டக்காரர், ஒரு வேகப்பந்து வீச்சாளர், ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கினார். தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது பந்தில் திரும்பினார்.

பயிற்றுவிப்பாளர் பார்படோஸ்காரர், அமைதியானவர். தரை துடைக்கிற அட்டவணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மட்டும் கேட்டார். குலம் அண்ணை, "தரையைத் துடைச்சுப் பாத்தியோ?" என்று தமிழிலேயே கேட்டார். மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை. பயிற்றுவிப்பாளர் அந்தக் கிழமையே ஊருக்குப் போய்விட்டார்.

அன்றைய ஆட்டத்துக்குப் பிந்திய கூட்டத்துக்கும் முதல்நாளே குறிப்பு எழுதியிருந்தோம். 'அணியின் வெற்றியைத் தலைவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்' என்பது முதல் வரி. அணி ஐம்பது ஓட்டத்தைக்கூட எட்டவில்லை. "அண்ணை, அனுப்பவோ?" என்று கேட்டேன். "றூல் எண்டா றூல்தான்" என்றார். அனுப்பினேன். அணித்தலைவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: நீங்கள் எழுதிய அந்த ஆட்டத்தில் விளையாடக் கிடைக்காதது எங்கள் துரதிர்ஷ்டம்.

கிரிக்கெட்டை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் சட்டைகள். வெளிநாட்டில் இருந்து வந்த இருபத்திரண்டு சட்டைகளும் ஒரே அளவில் இருந்தன. மாதிரி அளவு என்று கேட்ட இடத்தில் குலம் அண்ணை தன் சொந்த அளவைக் கொடுத்திருந்தார். ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் தெருவுக்குக் கிட்ட, ஒற்றை மாடிக் கடைவரிசையான ஒரு பழைய பிளாசாவில், பஸ் தரிப்பிடத்துக்கு நேரே உள்ள மூலைக்கடையில் ஒரு நல்ல தையல்காரர் இருக்கிறார் என்று அக்கா சொன்னாள். பெட்டியோடு போனேன்.

அங்கேதான் நிஸார் நானாவைச் சந்தித்தேன். அறுபதைத் தாண்டியவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இரண்டு தையல் மெசின், ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லொக் மெசின், ஒரு கண்ணாடி, உடுப்பு மாற்றிப் பார்க்க ஒரு திரை. அவ்வளவுதான் கடை. ஒரு சட்டையை விரித்துத் தூக்கிப் பிடித்தார். "தங்கச்சி, விளையாடுறவை பதினொரு பேர் எண்டு தெரியும். இதுக்குள்ள இருக்கிற மனுசன் ஆர்?" என்றார். இரண்டு நாளில் இருபத்திரண்டையும் பிரித்துத் தைத்துவிட்டார்.

சட்டைகளை எடுக்க நான்தான் போகவேண்டும். ஆனால் அன்று குலம் அண்ணையும் வந்தார். அது நிஸார் நானாவின் கெட்டகாலம். உள்ளே வந்து ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கார்த் தரிப்பிடத்தின் நடுவில் நின்றார். பிளாசாவைப் பார்த்தார். பிறகு பிளாசாவுக்கு மேலே வெறும் ஆகாயத்தை நெடுநேரம் பார்த்தார். காருக்குள் ஏறியதும், "அந்த இடம் முழுக்கச் சும்மா கிடக்குது" என்றார். ஆகாயத்தைத்தான் சொன்னார். சட்டை வாங்க வந்தவர் எட்டு மாதத்தில் பிளாசாவை வாங்கினார்.

அங்கே எழுப்ப நினைத்தது முப்பத்தாறு மாடி. விளம்பரப் புத்தகத்தில் ஒரு இளம் தம்பதி நாயோடு நடந்தது. எல்லாப் பக்கத்திலும் கோடைகாலம். பஸ் தரிப்பிடம் இருந்த இடத்தில் நீரூற்று. பிளாசாவில் இருந்த ஏழு கடைகளும் படத்தில் இல்லை. மளிகை, மீன், பாண் பேக்கரி, முடிதிருத்தகம், பார்சல் அனுப்பும் கடை, கார் ஓட்டப் பழக்கும் இடம், நிஸார் நானா.

இருக்கிற கடைக்காரரோடு பேசியதாக மாநகரசபைக்குக் காட்டவேண்டும். அதற்காக ஒரு கூட்டம் வைத்தோம். திட்டமிடல் பிரிவில் இருந்து ஒரு அதிகாரியும் வருவதாக இருந்தது. முதல்நாள் மூன்று மணி. சப்பாத்து, சுடுதண்ணீர், யன்னல். அதிகாரி வாசிக்கப்போகிற குறிப்பு என்பதால் அன்று குலம் அண்ணையின் கருணைக்கு எல்லை இருக்கவில்லை. ஆறாம் பந்தியை என் கொப்பியில் உள்ளபடி தருகிறேன்.

'கட்டடம் நிறைவடைந்ததும் தற்போதைய ஏழு கடைக்காரருக்கும் தரைத்தளத்தில், இப்போதுள்ள அதே வரிசையில், இடம் வழங்கப்படும் என்று தலைவர் உறுதியளித்தார். கடைக்காரர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்.'

மூன்று இருபதுக்குப் பச்சை மையில் ஒப்பம் விழுந்தது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். அதற்குமுன், காலைச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனத்தின் ஆட்களைச் சந்தித்திருந்தார். தரைத்தளம் முழுவதையும் அவர்கள் கேட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கூட்டத்தில் முப்பத்தாறு மாடியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நிஸார் நானா எழுந்து நின்றார். கட்டி முடிந்த பிறகு தங்களுக்கு இடம் உண்டா, தனக்கு அந்த மூலை கிடைக்குமா என்று கேட்டார். வாடிக்கையாளர் எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்குகிற வயதானவர்கள், உள்ளுக்குள் தள்ளிப் போட்டால் அவர்களால் நடக்க முடியாது என்றார்.

குலம் அண்ணை சிரித்தார். "பாப்பம் நானா. எல்லாத்தையும் பாத்துச் செய்வம்" என்றார்.

ஒருவரும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை. கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

குறிப்பை அனுப்ப எனக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. காரில் இருந்து ஆறாம் பந்தியை இரண்டு தடவை வாசித்தேன். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். 'அண்ணை, ஆறாம் பந்தி?' என்று கேட்க அரை நிமிடம் போதும். ஒப்பமிட்ட பிறகு அவர் குறிப்பைத் திரும்ப வாசிப்பதில்லை என்பதும், அன்று காலை அவருக்கு ஆறாம் பந்தி மறந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். றூல் எண்டா றூல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பினேன். கவனிக்காமல் அனுப்பினேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஏழு மாதம் கழித்து ஏழு கடைக்கும் வெளியேறும்படி கடிதம் போயிற்று. திரும்பி வருவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பதிலுக்கு அவர்களுடைய சட்டத்தரணியிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஆறாம் பந்தியின் பிரதியும் அதோடு இருந்தது. பச்சை மை பிரதியிலும் நன்றாக விழுந்திருந்தது.

குலம் அண்ணை கதவைச் சாத்தினார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"சாந்தினி, உதை நான் சொன்னனானோ?"

ஒரு கூட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று பதினெட்டு வருடத்தில் அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை அண்ணை. பாப்பம் நானா, எல்லாத்தையும் பாத்துச் செய்வம் எண்டுதான் சொன்னனீங்கள்."

"அப்ப நீர் பிழையா எழுதிப்போட்டீர்."

"முதல்நாள் மூண்டு இருபதுக்கு நீங்கள் சைன் வைச்சது அண்ணை."

"அது எங்கள் ரெண்டு பேருக்கும்தானே தெரியும். எழுதேக்க பிழை விட்டிட்டன் எண்டு ஒரு கடதாசி தாரும். நான் கோவிக்கமாட்டன்."

கோவிக்கமாட்டன் என்றதை நேரத்தோடு பதிந்துகொண்டேன்.

"உம்மட கொப்பியில உண்மை கிடக்கும்தானே?" என்றார் பிறகு, குரலை இறக்கி. "அந்தப் பக்கத்தையும் கொண்டுவாரும். லோயருக்குக் காட்டுவம்."

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கடதாசியை விட்டுவிட்டால், கொப்பியில் இருந்து அவர் கேட்டது பொய் அல்ல. அவர் அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொல்லவில்லை, அது உண்மை. நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்குப் பொய் எழுதச் சொன்ன மனிதர் ஒரே ஒரு தடவை உண்மையைக் கேட்கிறார். அந்த உண்மையைக் கொடுத்தால் ஒரு தையல்காரர் தெருவுக்கு வருவார்.

அன்று பின்னேரம் நிஸார் நானா தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, உதவி கேக்க எடுக்கேல்ல. உங்கட வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. மெசினுகளைக் கட்டவோ, விடவோ?"

நான் கொப்பியை விரித்து நேரத்தை எழுதினேன்.

"முதல் தரம் ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை. கடையைப் பூட்டக்கூட விடேல்ல. ஒரு மெசினையும் தூக்கேலாமப் போச்சு. இந்தமுறை நேரத்தோட கட்டுவம் எண்டு பாக்கிறன்."

அவர் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருக்காரர். ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லாரையும் பட்டினத்தை விட்டு வெளியேற்றிய நாளைத்தான் சொன்னார். அன்று நான் அவருடைய கடையில் இருந்து ஒரு மைலுக்குள் இருந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. பழைய கொப்பிகளில் சில என்னோடு கனடாவுக்கு வந்தவை. போய் அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

'காலையில் மழை. பின்னேரம் வெளித்தது.' வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த எழுத்திலும் பிழையொன்றும் கிடையாது. அன்று காலையில் மழைதான்.

அடுத்த நாள் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் தட்டச்சுச் செய்தேன். மறுநாள் பத்து மணிக்குக் கொம்பனியின் சட்டத்தரணி வந்தார். வயதான கனடியப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என்னைப் பார்த்து, பிழை மனித இயல்பு என்று ஆறுதலாகச் சொன்னார். நான் உண்மையான எதற்கும் ஒப்பமிடத் தயார் என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன்.

முதல் பந்தியில், தலைவர் கூட்டத்தில் அந்த உறுதியை அளிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். குலம் அண்ணை தலையை ஆட்டினார். இரண்டாம் பந்தியில், அந்தக் குறிப்பு முதல்நாள் மூன்று மணிக்குத் தலைவர் சொல்ல எழுதப்பட்டு, மூன்று இருபதுக்கு மறுநாள் திகதியோடு ஒப்பமிடப்பட்டது என்று இருந்தது. தலையாட்டல் நின்றது. மூன்றாம் பந்தியில், பதினெட்டு வருடமாக இக்கொம்பனியின் எல்லாக் கூட்டங்களின் குறிப்புகளும் இப்படியே எழுதப்பட்டன, அவற்றில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பது என் நாட்குறிப்புகளில் உள்ளது, பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. பட்டியல் பதினாலு பக்கம். திகதி வரிசைப்படி.

சட்டத்தரணி கண்ணாடியைப் போட்டார். வங்கியோடு நடந்த கூட்டங்களும் இதில் அடக்கமா என்று கேட்டார். ஓம் என்றேன். மென்பொருளை விற்ற கூட்டங்கள்? ஓம். மாநகரசபை? ஏழாம் பக்கத்தில் இருந்து என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகு குலம் அண்ணையிடம் திரும்பி ஆங்கிலத்தில் மிக மெதுவாகப் பேசினார். இந்த ஒரு பக்கத்தைச் சாட்சியாக வைத்தால் மறுதரப்பு மற்றப் பக்கங்களையும் கேட்கும், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ராஜ், இந்தக் கணக்கில் ஏழு கடை மலிவு. அவ்வளவுதான் சொன்னார்.

குலம் அண்ணை யன்னலடிக்குப் போனார். நாலு நிமிடம் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தார். நான் கோபத்தை எதிர்பார்த்தேன். திரும்பியபோது முகத்தில் கோபமே இல்லை, ஏதோ நல்ல நினைவு வந்தவர் போல இருந்தார்.

"யோசிச்சுப் பாத்தா," என்றார், "நான் சொல்லியிருப்பன் போலத்தான் கிடக்கு."

அந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு வழங்கப்பட்டது. நான் கேட்கவில்லை, வழங்கப்பட்டது. ஒரு மதியச் சாப்பாடு, ஒரு பொன்னாடை, ஒரு உரை. உரையில் என்னுடைய துல்லியத்தைப் பாராட்டினார். பொன்னாடையைப் போர்த்தும்போது தேவைக்குச் சற்று அதிகமாக இறுக்கினார்.

பிளாசா இடிந்து கட்டடம் எழும்பிய மூன்றரை வருடமும் நிஸார் நானா பிக்கரிங்கில் மகனுடைய கார்க் கொட்டகையில் தைத்தார். பஸ்ஸில் வருகிற கிழவர்களுக்கு அது வெகுதூரம். ஆட்கள் குறைந்தார்கள். இந்த வசந்தத்தில் ஏழு கடையும் அதே வரிசையில் தரைத்தளத்துக்குத் திரும்பின. நீரூற்றுக்கு இடம் போதவில்லை. பஸ் தரிப்பிடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நிஸார் நானாவுக்கு மூலை.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது, நிஸார் நானாவிடம் இருந்து. வெளியே மேடை போட்டிருந்தார்கள். குலம் அண்ணை ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். சிறு வியாபாரிகளைக் கைவிடக்கூடாது என்பது தன்னுடைய ஆரம்பக் கனவு என்றார். எத்தனையோ பேர் தன்னைத் தடுத்தார்கள் என்றார். நான் வாக்குக் குடுத்தால் குடுத்ததுதான் என்றார். நான் கடைக்குள் போனேன்.

அதே இரண்டு மெசின், அதே கண்ணாடி. நிஸார் நானா விழாவுக்குப் போகாமல் ஒரு காற்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதிரையைக் காட்டினார்.

"அவர் அண்டைக்கு அப்பிடிச் சொல்லேல்ல, தங்கச்சி" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"ஓம் நானா. சொல்லேல்ல."

"எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். நாங்களும் அங்க இருந்தனாங்கள்தானே. எழும்பச் சொல்லிக் கடதாசி வந்த அண்டே கூடிக் கதைச்சம். மீன்கடைத் தம்பி சொன்னான், பொய்யில நிண்டு வழக்குப் பேசினா பாவமெண்டு. எனக்கும் மூண்டு நாள் நித்திரை இல்லை." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பிறகு யோசிச்சன். என்னை எழும்பிப் போ எண்டு சொன்னதெல்லாம் உண்மையான கட்டளை. ஒண்டிலயும் பொய் இல்லை. இரு எண்டு சொன்னது இந்தப் பொய் ஒண்டுதான்."

தலையை நிமிர்த்தினார். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜக்கெற்றின்ர கை நீளமாக் கிடக்கு. கழட்டித் தாங்கோ."

"விழா நடக்குது நானா, பிறகு தாறன்."

"இப்பத்தானே கதைக்கத் தொடங்கினவர். முடிய முதல் தைச்சுத் தந்திடுவன்."

தந்தார். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது குலம் அண்ணை தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பிளாசாவைக் கையால் காட்டி, அங்குள்ள கடைக்காரருக்கும் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கூட்டமாக முன்வரிசையில் நின்றார்கள். அவர்களில் மூன்று பேர் பேனையும் கடதாசியும் கொண்டுவந்திருந்தார்கள்.